தாமான் அணியிலிருந்து லீக் கிரிக்கெட்டுக்கு: ராவாங் தம்பிக்கு விரிவான பதில்

ராவாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பத்துப் பதினைந்து இளைஞர்கள் ஞாயிறுதோறும் டேப் பந்தில் (டேப் சுற்றிய டென்னிஸ் பந்து) ஆடுகிறார்கள். சுற்றுவட்டாரப் போட்டிகளில் இரண்டொரு கோப்பையும் வாங்கிவிட்டார்களாம். இனி கோலாலம்பூர் பக்கம் தோல் பந்தில் நடக்கும் ஹார்ட் பால் லீக்கில் ஆட ஆசை. தனியாக ஒரு கிளப் பதிவு செய்வதா, இருக்கிற கிளப்பில் போய்ச் சேர்வதா, அந்தக் கிளப்புகள் எப்படி நடக்கின்றன, என்ன செலவு பிடிக்கும் என்று கேட்கிறார். கடைசியில், தன் தங்கையும் நன்றாகப் பந்து வீசுவாள், அவளுக்கு வழி உண்டா என்று ஒரு வரி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. உடனே தனிக் கிளப் வேண்டாம். ஏற்கனவே இருக்கிற ஒரு கிளப்பின் இரண்டாம் அணியிலோ மூன்றாம் அணியிலோ இரண்டு சீசன் ஆடுங்கள். எந்தக் கிளப் என்று தேடும்போது அங்கே யார் பெரிய ஆட்டக்காரர் என்று பார்க்காதீர்கள். திடல் யாருடையது, எத்தனை வாரம் உறுதியாகக் கிடைக்கும் என்று கேளுங்கள். இந்த ஊரில் கிளப் கிரிக்கெட்டின் உயிர் திடலில்தான் இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு இங்கே என்றுமே பஞ்சம் வந்ததில்லை. இங்கே ஆடியும், பிறகு நடுவராக நின்றும், ஸ்கோர் புத்தகம் எழுதியும் வார இறுதிகளைக் கழித்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏன் திடல் என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். இப்போது மெர்டேக்கா சதுக்கம் என்று நாம் சொல்லும் இடம்தான் கோலாலம்பூர் கிரிக்கெட்டின் தாய்வீடு. 1884-ல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் படாங், அதாவது திடல், அது. 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறியதும் அதே புல்தரையில்தான். 1987-ல் அந்தத் திடல் மாநகராட்சியின் கைக்குப் போனது. கிளப்பின் விளையாட்டுகள் புக்கிட் கியாராவுக்கு இடம் மாறின. 1984-ல் ‘ராயல்’ பட்டம் பெற்ற அந்தக் கிளப்பின் கியாரா திடல் இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது. 2018-ல் பெண்கள் ஆசியக் கோப்பை ஆட்டங்கள்கூட அங்கே நடந்தன. பணமும் உறுப்பினர் பலமும் உள்ள கிளப் என்பதால் ஒரு திடல் போனதும் இன்னொன்றைப் பிடிக்க முடிந்தது. எல்லாருக்கும் அந்த வசதி இல்லை.

அந்தப் படாங்கோடு சேர்ந்த ஒரு மனிதரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரியவே இல்லை. லால் சிங். 1909-ல் கோலாலம்பூரில் பிறந்த சீக்கியர். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932 ஜூனில் லார்ட்ஸில் ஆடியபோது அந்தப் பதினொரு பேரில் ஒருவர். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிராங்க் உல்லியை ரன் அவுட் ஆக்கினார். இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்து தடுமாறியது. இரண்டாம் இன்னிங்ஸில் அமர் சிங்கோடு எட்டாவது விக்கெட்டுக்கு 74 ரன் சேர்த்தார். இந்தியா தோற்றது. அவருக்கும் அதுவே ஒரே டெஸ்ட். ஆனால் பந்தைத் துரத்தும் அவருடைய வேகத்தைப் பற்றி அந்நாளில் எழுதாதவர் இல்லை. பிற்காலத்தில் கோலாலம்பூருக்குத் திரும்பிய அவர், அதே படாங்கில் திடலைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். 1985-ல் இங்கேயே காலமானார். லார்ட்ஸில் ஆடிய ஒருவர் புல் வெட்டி, உருளை இழுத்து, பிட்ச் தயாரித்துக் கொடுத்த தரையில் இந்த ஊர் கிளப் அணிகள் ஆடியிருக்கின்றன. அவர் பெயரில் ஒரு கோப்பை நடத்தினால்கூடத் தகும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

படாங்குக்குப் பிறகு நம்பிக்கை தந்தது 1998-ல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் கிரிக்கெட் இடம்பெற்ற ஒரே முறை அதுதான். டெண்டுல்கர் வந்தார், ஸ்டீவ் வாஹ் வந்தார். ஷான் போலக் தலைமையில் தென்னாப்பிரிக்கா தங்கம் வென்றது. ஆட்டங்கள் எங்கே நடந்தன என்று பாருங்கள்: கிளானா ஜெயாவில் மாநில மேம்பாட்டுக் கழகமான பிகேஎன்எஸ்ஸின் திடல், மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் திடல், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளித் திடல், சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் திடல். எல்லாமே பள்ளியோ நிறுவனமோ வைத்திருந்தவை. கிரிக்கெட் சங்கத்துக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அந்த நிலம் இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகரமாகிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் 2003-ல் பூச்சோங் பக்கம் கின்ராரா ஓவல் வந்தது. டெண்டுல்கர் 2006-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 அடித்தது அங்கேதான். 2008 மார்ச்சில் விராட் கோலி தலைமையில் இந்தியா 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைத் தூக்கியதும் அங்கேதான். 2018 பெண்கள் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வங்கதேசம் கடைசிப் பந்தில் இந்தியாவை வென்றதும் அங்கேதான். இத்தனை பெருமை இருந்தும், நிலம் வேறொருவருடையது. வழக்கு நடந்து, கடைசியில் திடல் கிரிக்கெட்டின் கையை விட்டுப் போனது. இப்போது பெரிய ஆட்டங்களுக்குக் கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவலும், பாங்கியில் உள்ள யுகேஎம்-ஒய்எஸ்டி ஓவலும்தான் கைகொடுக்கின்றன. உலகக் கோப்பை நடந்த திடலுக்கே இந்தக் கதி என்றால், ராவாங்கில் புதிதாகத் தொடங்கும் ஒரு கிளப் எதை நம்பி லீக்கில் இறங்கும்? என் பதிலின் மையம் இந்தக் கேள்விதான்.

சரி, கிளப்புகள் எப்படிப்பட்டவை என்பதற்கு வருவோம். பெயர்கள் பலவாக இருந்தாலும் குணத்தில் அவை சில வகைக்குள் அடங்கிவிடும்.

முதலில் பழைய சமூகக் கிளப்புகள். டிபிசிஏ என்று எல்லாரும் சொல்லும் சங்கத்தைத் தமிழ் இளைஞர்களின் உடற்பயிற்சிக்காகவும் விளையாட்டுக்காகவும் நம் முன்னோர் 1914-ல் கோலாலம்பூரில் தொடங்கினார்கள். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாக, தொழில்நுட்பப் பணியாளர்களாக இருந்த யாழ்ப்பாணத் தமிழர்களும் தமிழ்நாட்டுத் தமிழர்களும் வேலை முடிந்து சாயங்காலம் கூடி ஆடிய காலம் அது. வெள்ளைக்காரர் கிளப்புகளின் வாசல் எல்லாருக்கும் திறக்காத நாளில் நமக்கென்று ஒரு திடல் வேண்டும் என்று யோசித்தவர்களை நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காற்பந்துதான் வாய்த்தது. அங்கே ஒரு பந்தும் இரண்டு கம்பும் போதும். கிரிக்கெட்டுக்கு மட்டை, பேட், கையுறை, அதற்கு மேல் நேரம். அதனால்தான் இந்த ஆட்டம் நம்மவர்களிடையே நகரத்துப் பள்ளிகளையும் அலுவலகங்களையும் சுற்றியே வளர்ந்தது. இப்படிப்பட்ட கிளப்பில் சேர்ந்தால் கிரிக்கெட்டோடு ஒரு குடும்பமும் கிடைக்கும். தாத்தா ஆடிய அணியில் பேரன் ஆடுவதை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

அடுத்தது நிறுவனக் கிளப்புகள். தெனாகா நேஷனலின் கிலாட் கிளப் நல்ல உதாரணம். அந்த நிறுவனம் எல்எல்என் என்ற மின்சார வாரியமாக இருந்த காலத்திலிருந்தே ஊழியர்களுக்கு விளையாட்டு வசதி செய்து கொடுத்த மரபு அது. ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரனுக்கு இலாகாக்களில் வேலையே கிடைக்கும். அந்த முறை போய்விட்டது. ஆனாலும் நிறுவனத் திடலுக்கு ஒரு பலம் உண்டு: புல் வெட்டுவதற்கும் தண்ணீர் விடுவதற்கும் சம்பளம் வாங்கும் ஆள் இருப்பார்.

பிறகு பழைய மாணவர் அணிகள், பல்கலைக்கழக அணிகள். கடைசியாக, இப்போது எண்ணிக்கையில் வேகமாகப் பெருகும் வகை: இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் சேர்த்த அணிகள். சென்னையிலோ கோவையிலோ கல்லூரி அணிக்கு ஆடிவிட்டு இங்கே கணினி வேலைக்கு வந்த பிள்ளைகள் இவற்றில் நிறைய. ஆட்டத்தின் தரம் உயர்ந்ததற்கு இவர்கள் ஒரு காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேலை அனுமதி முடிந்து நாலு பேர் ஊருக்குத் திரும்பினால் அணியே கலைந்துவிடும். சிறுவர் அணி இருக்காது, சொந்தத் திடல் இருக்காது. உங்கள் தாமான் பையன்களில் பள்ளி மாணவர்களும் இருப்பதால், பயிற்சி கொடுத்து வளர்க்கும் ஏற்பாடு உள்ள கிளப்பே உங்களுக்குப் பொருத்தம்.

இதில் மாநிலக் குழப்பம் ஒன்று உண்டு. 1974 பிப்ரவரி 1-ம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அதனால் கிரிக்கெட்டிலும் கோலாலம்பூருக்கு ஒரு சங்கம், சிலாங்கூருக்கு ஒரு சங்கம். இரண்டும் மலேசிய கிரிக்கெட் சங்கத்தின் கீழ் வரும். மலேசியா 1967-லேயே அனைத்துலக கிரிக்கெட் மன்றத்தில் துணை உறுப்பினரானது. ராவாங் சிலாங்கூரில் இருக்கிறது. நாளைக்குத் தனிக் கிளப் தொடங்கினால் நீங்கள் போய் நிற்க வேண்டிய வாசல் சிலாங்கூர் சங்கம். ஆனால் தனி ஆளாக ஒரு கோலாலம்பூர் கிளப்பில் சேர்ந்து ஆட அது தடையில்லை. ராயல் சிலாங்கூர் கிளப்பே பெயரில் சிலாங்கூரை வைத்துக்கொண்டு கூட்டரசுப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. ஒரே ஆள் ஒரே சீசனில் இரண்டு கிளப்புக்குப் பதிவு செய்துவிட்டு மாட்டிக்கொள்வது மட்டும் அடிக்கடி நடக்கிறது. பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை பிரிவு, 20 ஓவரா 40 ஓவரா 50 ஓவரா, வெளிநாட்டு ஆட்டக்காரர் எத்தனை பேர் என்பதெல்லாம் சீசனுக்கு சீசன் மாறக்கூடியவை. போன வருஷத்துப் புத்தகத்தை நம்பாதீர்கள்.

தனிக் கிளப் பதிவு பற்றிச் சொல்கிறேன், பின்னால் உதவும். பலரும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போய் நிற்கிறார்கள். விளையாட்டுக்கான அமைப்பு 1997-ம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும். பதிவு செய்ய வேண்டியது விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில். அமைப்பு விதிகள், பொறுப்பாளர் பட்டியல், முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் வேண்டும். பதிவானதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுக் கூட்டம் நடத்த வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். பந்து வீச ஆளிருக்கும், கூட்டக் குறிப்பு எழுத ஆளிருக்காது. இளைஞர் கிளப்புகள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. உங்கள் கூட்டத்தில் பொறுமையாக உட்கார்ந்து எழுதும் ஒருவரை இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். ஆட வராத தோழராகவோ ஒருவரின் அக்காவாகவோ அப்பாவாகவோ இருந்தால் இன்னும் நல்லது.

செலவு. கிளப்பில் சேர்ந்தால் சந்தாவும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு பங்கும்தான் உங்கள் கையிலிருந்து போகும். தனி அணியென்றால் நுழைவுக் கட்டணம், ஆட்டத்துக்கு வராமல் போனால் திரும்பக் கிடைக்காத முன்பணம், திடல் வாடகை, நடுவர்களுக்குச் சம்பளம், இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து, தண்ணீர், சாப்பாடு எல்லாம் உங்கள் தலையில். இதில் திடல் வாடகைதான் பாதி வெள்ளியை விழுங்கும். பகலில் மழை வந்து ஆட்டம் நின்றாலும் வாடகை வாடகைதான். சீசன் நடுவில் பணம் தீர்ந்து விலகிப்போன அணிகளை எனக்குத் தெரியும். நல்ல ஆட்டக்காரர்கள் இருந்த அணிகள் அவை. முதல் ஆட்டத்துக்கு முன்பே முழு சீசன் பணத்தையும் வசூலித்து வங்கியில் போட்ட அணிகள்தான் கடைசி வாரம் வரை நின்றன. ஒவ்வொரு ஞாயிறும் திடலில் நின்று தலைக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்குவது நட்பையும் கெடுக்கும்.

தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கிரில்லுக்கும் முகப்புக்கும் நடுவே பந்து நுழையாத அளவுக்குச் சோதித்த தரம் அது. மட்டையும் கால் பேடும் கிளப் பையில் இருக்கும், இரவல் வாங்கலாம். தலைக்கவசம் அவரவர் அளவுக்கு அவரவருடையது.

டேப் பந்திலிருந்து வரும் பையன்களுக்கு ஆட்டமே வேறாகத் தெரியும். 155.9 முதல் 163 கிராம் எடையுள்ள தோல் பந்து. தையல் பட்டால் திரும்பும். நம் ஊர் காலைப் பொழுதின் ஈரப்பதத்தில் புதுப் பந்து காற்றிலேயே வளையும். டேப் பந்தில் எழுந்து வரும் எந்தப் பந்தையும் வீசி அடித்தே பழகிய கை, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடப் பழக வேண்டும். இதுதான் ரொம்பக் கஷ்டம். நல்ல தாமான் ஆட்டக்காரர்கள் முதல் சீசனில் ஸ்லிப்பிலும் கீப்பரிடமும் பிடிகொடுத்தே போவார்கள். மனம் தளர வேண்டாம். எல்பிடபிள்யூவும் அவர்களுக்குப் புதிது, ஏனென்றால் தெருவில் அது கிடையாது. பந்து வீச்சாளர்களுக்கு இன்னொரு பிரச்சினை, கோடு. ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் இருக்கும் பாப்பிங் கிரீஸுக்குப் பின்னால் முன்காலின் ஏதாவதொரு பகுதி இருக்க வேண்டும். தாமானில் கோடு போடாமல் ஓடி வந்து வீசியவர்கள் இங்கே ஓவருக்கு இரண்டு நோபால் போடுவார்கள். பயிற்சியில் ஓட்டத்தை அடியெண்ணி அளந்து, தொடங்கும் இடத்தில் அடையாளம் வைத்து வீசினால் இரண்டே வாரத்தில் சரியாகிவிடும்.

ஆனால் டேப் பந்து உங்களுக்குச் சில வரங்களையும் கொடுத்திருக்கிறது. பேட்ஸ்மேனின் காலடியில் விழும் யார்க்கர் போடத் தெரியும், சின்ன இடத்தில் ரன் தடுக்கத் தெரியும், கடைசி ஓவரில் கை நடுங்காது. இருபது ஓவர் ஆட்டத்தில் அந்தத் திறமைக்கு நல்ல விலை. கிளப் பயிற்சியாளர் உங்களை உருமாற்றப் பார்க்கும்போது இதையும் விட்டுவிடாதீர்கள்.

புள்ளிப் பட்டியலில் புது அணிகள் ஏமாறும் ஓரிடத்தையும் சொல்லிவிடுகிறேன். நிகர ரன் விகிதம். எடுத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, அதிலிருந்து விட்டுக்கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்ததைக் கழிப்பார்கள். ஆல் அவுட் ஆனால் ஆடிய ஓவரைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், முழு ஓவரையும் எடுப்பார்கள். 20 ஓவர் ஆட்டத்தில் 15 ஓவரில் 120-க்குச் சுருண்டால் உங்கள் விகிதம் 8 என்று நினைப்பீர்கள். பட்டியலில் 6 என்றுதான் ஏறும். தோற்பது உறுதி என்று தெரிந்த ஆட்டத்திலும் கடைசி விக்கெட் நின்று ஆட வேண்டியது இதனால்தான். சீசன் முடிவில் இரண்டு அணி சமமாக நின்றால் அன்றைக்கு ‘எப்படியும் தோற்கிறோம்’ என்று வீசி அவுட் ஆன பதினோராம் ஆள்தான் எல்லார் நினைவுக்கும் வருவார்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் கோலாலம்பூர் கிரிக்கெட்டைப் பேச முடியாது. ஏப்ரல் சுற்றிலும், அக்டோபர் நவம்பரிலும் மத்தியானம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேற்கே கறுக்கும். மூன்று நாலு மணிக்குக் கொட்டும். அதனால் காலையில் சீக்கிரம் தொடங்கும் ஆட்டம்தான் முழுதாக முடியும். டாஸ் வென்றவர்கள் வானத்தையும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுப்பார்கள். ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாவது ஆடும் அணிக்கு 20 ஓவராவது கிடைத்தால்தான், மழைக்கேற்ப இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் முறையில் முடிவு. இருபது ஓவர் ஆட்டத்தில் 5 ஓவர் போதும். அதற்கு முன் நின்றால் புள்ளியைப் பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மழையைவிட மின்னலுக்குப் பயப்படுங்கள். உலகத்திலேயே இடி மின்னல் அதிகம் விழும் இடங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் திடலை விட்டு வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்பலாம். இன்னும் நாலு ஓவர்தானே என்று கேப்டன்கள் நடுவரிடம் கெஞ்சுவார்கள். நான் நடுவராக நின்றபோது ஒருநாளும் இசைந்ததில்லை.

நீங்கள் கிளப்பில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். ஆட்ட நாளில் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய் மேட் விரிப்பதில் கைகொடுங்கள். புல் பிட்ச் உள்ள திடல் சில மட்டுமே. மற்றவற்றில் சிமெண்டுத் தளத்தின் மேல் விரிப்புதான். இரண்டு பக்கமும் ஆள் நின்று சுருளை உருட்டிவிட வேண்டும். ஒரு முனையில் ஆணி அடித்தபின் மறுமுனையில் நாலு பேர் சேர்ந்து குதிகாலை ஊன்றி இழுப்பார்கள். இழுவை தளர்ந்தால் விரிப்பு மடிந்து, பந்து வழக்கமாகக் குத்தும் குட் லெங்த் இடத்தில் ஒரு சின்ன மேடு எழும்பும். அதில் பட்ட பந்து பேட்ஸ்மேனின் முகத்துக்கு வரும். அதனால் விரித்த பிறகு ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேய்த்துக்கொண்டே நடப்பார். கண்ணுக்குத் தெரியாத மடிப்பு காலுக்குத் தெரியும். நான் ஆடிய கிளப்பில் இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காத பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் தலையசைத்த பிறகுதான் ஸ்டம்ப் நடுவோம்.

ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்வது இரண்டாவது காரியம். இப்போது கிரிக்ஹீரோஸ் செயலி வந்துவிட்டது. வீட்டிலிருந்தே அம்மா மகனின் ரன்னைப் பார்க்கிறார், நல்லதுதான். ஆனாலும் புத்தகமும் இருக்கட்டும். இரு அணிக்கும் ஒவ்வொரு ஸ்கோரர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஓவர் முடிந்ததும் “மொத்தம் எத்தனை, பவுலர் கணக்கு எத்தனை” என்று ஒத்துப் பார்ப்பார்கள். நடுவர் காட்டும் ஒவ்வொரு சைகைக்கும் கை உயர்த்திப் பதில் சொல்ல வேண்டும்; அது வரும்வரை நடுவர் அடுத்த பந்துக்கு அனுமதி தரமாட்டார். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்த மத்தியானங்களில் ஆட்டத்தைக் காப்பாற்றியது அந்த நீளப் புத்தகம்தான். அணியில் இடம் கிடைக்காத வாரம் ஸ்கோர் எழுத உட்காரும் பையனுக்கு ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். யார் எங்கே அடிக்கிறார், எந்த பவுலர் மூன்றாவது ஓவரில் தளர்கிறார் என்பதெல்லாம் பந்து பந்தாக அவன் கைவழியே போகிறது. கிளப்பும் அவனை மறக்காது.

இந்த வழியில் போனவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்றும் கேட்பீர்கள். சுரேஷ் நவரத்தினம், ராகேஷ் மாதவன், சுஹான் அழகரத்தினம் ஆகியோர் மலேசிய அணிக்கு ஆடியவர்கள். கோலாலம்பூரில் பிறந்த அருள் சுப்பையா இங்கிலாந்தில் சாமர்செட் கவுண்டிக்கு ஆடி, 2011-ல் கிளாமோர்கன் அணிக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில் 5 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். அன்றைக்கு அது இருபது ஓவர் கிரிக்கெட்டின் உலகச் சாதனை. 2023 ஜூலையில் சியாஸ்ருல் இட்ருஸ் பாயுமாஸ் ஓவலில் சீனாவுக்கு எதிராக 8 ரன்னுக்கு 7 விக்கெட் சாய்த்தார், ஏழும் போல்டு. அனைத்துலக இருபது ஓவர் ஆட்டத்தில் ஆண்களில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர். அந்தப் பாயுமாஸ், ராவாங்கிலிருந்து ரயிலேறிக் கிள்ளானில் இறங்கிப் போய்விடக்கூடிய தூரம்தான்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பையன்கள் பதினாறு பதினேழு வயதில், எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வு வருஷத்தில், டியூஷனுக்காக ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் வருவார்கள் என்று பார்த்தால் வேலை, மேற்படிப்பு என்று திரும்புவதே இல்லை. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். வருமானம் குறைந்த பி40 குடும்பத்துக்குச் சான்றிதழ்தான் கைப்பிடி. கிளப்புகள்தான் இதற்கு வழி பண்ண வேண்டும். படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை 20 ஓவர் ஆட்டம் மட்டும் கொடுத்து மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பும் கிளப்புகள் அவர்களைத் தக்கவைத்திருக்கின்றன. சேரும் முன் இதையும் கேளுங்கள், உங்கள் அணியில் படிவம் நாலு, ஐந்து மாணவர்கள் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

இரண்டு சீசன் கழித்து, பத்துப் பேருக்காவது ஹார்ட் பால் பழகிவிட்டால், எழுத ஒருவரும் கணக்குப் பார்க்க ஒருவரும் இருந்தால், ராவாங்கிலோ பக்கத்திலோ ஒரு பள்ளித் திடலோ நகராண்மைக் கழகத் திடலோ எழுத்துப்பூர்வமாகக் கிடைத்தால், அப்போது உங்கள் கிளப்பைத் தொடங்குங்கள். வாய்ச்சொல்லில் கிடைத்த திடலை நம்பி லீக்குக்குப் பணம் கட்ட வேண்டாம். தலைமையாசிரியர் மாறினால் அனுமதியும் மாறும். அதுவரை உங்கள் டேப் பந்து ஞாயிறை நிறுத்தாதீர்கள்; தாமான் சின்னப் பையன்கள் அதைப் பார்த்துத்தான் மட்டையைத் தொடுகிறார்கள்.

தங்கை விஷயம். நிச்சயம் வழி உண்டு, சொல்லப்போனால் உங்களைவிட அவளுக்கு வழி சுருக்கம். பெண்கள் கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் எண்ணிக்கை குறைவு என்பதால், நன்றாகப் பந்து வீசும் ஒரு பெண் மாநிலப் பயிற்சியாளரின் கண்ணில் சீக்கிரம் படுவாள். தேசியப் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்த வினிஃப்ரெட் துரைசிங்கம் நம் பெண்களுக்கு நல்ல முன்னுதாரணம். 2025-ல் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் டி20 உலகக் கோப்பையே மலேசியாவில் நடந்தது. இந்தியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நம் பிள்ளைகள் 31 ரன்னில் சுருண்டார்கள், உண்மைதான். வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக்கோடு 5 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். தினமும் திடலில் வளரும் பெண்களுக்கும் வாரம் ஒருமுறை திடல் கிடைக்கும் பெண்களுக்கும் உள்ள இடைவெளி அது. பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம்தான். ஆண்கள் பந்தில் பழகினால் அளவும் பிடியும் மாறிவிடும், அதனால் அவளுக்கென்று தனிப் பந்து வாங்கிக் கொடுங்கள். வயது பதினைந்துக்குள் என்றால் சிறுவர் பயிற்சியில் பையன்களோடு சேர்த்தே ஆடவிடும் கிளப்பாகப் பாருங்கள். கிளப்பைப் பார்க்கப் போகும் முதல் நாளே அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அம்மாவும் வரட்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இருக்கிறதா என்று அம்மா ஒரு கண் பார்த்துக்கொள்வார்.